மேனேஜருக்கு ஊசி நேரம்

எங்கள் வீட்டு மேனேஜர் தன் இன்சுலின் ஊசியைத் தானே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். மேனேஜர் என்றால் பூனை. காலையில் நேரம் ஆனதும் ஃப்ரிட்ஜ் முன்னால் வந்து நிற்பார். முன்னங்காலால் கதவை ஒரு தட்டு தட்டுவார். நான் மருந்துக் குப்பியை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி முடிக்கும்வரை பொறுமையாக இருப்பார். அப்புறம் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கழுத்தைக் குனிந்து, 'ம், ஆகட்டும்' என்பதுபோல் கண்ணை மூடிக்கொள்வார். போட்டு முடித்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுவார். மேலதிகாரிகளுக்கு நன்றி சொல்லும் வழக்கமில்லை.

நீங்கள் நம்பவில்லை. பரவாயில்லை, உங்களுக்கு முன்னால் வரிசையில் நிறையப் பேர் நிற்கிறார்கள். வரிசையின் தலையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவள் என் அக்கா.

அவளைக் குறை சொல்ல முடியாது. நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். இந்த ஊரில் ஓடும் லாரிகளில் பாதி என் கையால் கப்பலிலிருந்து இறங்கியவை. மீதிப் பாதி என்னிடம் மாட்டப் பயந்து வேறு துறைமுகத்தில் இறங்கி நடந்தே வந்தவை. ஒரு தடவை புயலில் கூண்டுக்குள் மாட்டிக்கொண்டு, இறங்க வழியில்லாமல், கொக்கியை வீசி மேகத்தைப் பிடித்து இழுத்து ஓரமாக நிறுத்தினேன். அங்கே எனக்கு 'அளப்பு' என்று பெயர். கதை அளப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர். சம்பளப் பட்டியலிலேயே அப்படித்தான் போட்டிருந்தார்கள். சரி, இது மட்டும் பொய்.

அக்கா கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை பார்க்கும் வேலையில் இருந்தவள். டாக்டர்கள் மாட்டிக்கொள்கிற ரப்பர் கையுறை. அதற்குள் காற்றை அடைத்து, கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து, எங்காவது சில்லென்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும். எடுக்கிற ஒவ்வொன்றிலும் ஓட்டை இருக்கிறது என்று நினைத்துத்தான் எடுக்க வேண்டுமாம். நல்லதாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாதாம். வேலையை விட்ட பிறகும் அவள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. நான் வாயைத் திறந்தால் போதும், கன்னத்தைக் கொண்டுவந்து வைத்துவிடுவாள்.

என் மனைவி போன பிறகு அக்கா என்னோடு வந்து சேர்ந்தாள், ஒரு பெட்டியும் ஒரு பூனையுமாக. கல்யாணம் காட்சி என்று ஒன்றும் செய்துகொள்ளாதவள். அந்தப் பூனைதான் அவளுக்குக் குடும்பம். மேனேஜர் என்று பெயர் வைத்தது நான். எங்கள் துறைமுக மேனேஜருக்கும் அப்படித்தான், முதலில் வயிறு வரும், கொஞ்ச நேரம் கழித்து அவர் வருவார். ஒரு வேலையும் செய்யமாட்டார். உயரமான இடமாகப் பார்த்து உட்கார்ந்து மற்றவர்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் பூனையை நான் 'அவர்' என்றுதான் சொல்வேன். அக்காவுக்கு அவன் அவன்தான்.

அப்படிப்பட்டவர் திடீரென்று தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். கிண்ணத்தைக் காலி செய்தார், வாளியைக் காலி செய்தார், மாடியில் இருக்கும் தொட்டியில் தண்ணீர் குறைகிறது என்று கீழ்வீட்டுக்காரர் வந்து சண்டை போட்டார். குடித்ததெல்லாம் அவர் ஒன்றுக்குப் போகிற மணல் தட்டில் போய் விழுந்தது. காலையில் அந்த மணலைக் கொத்தி எடுக்கக் கடப்பாரை தேவைப்பட்டது. சாப்பாடும் இரட்டிப்பு. ஆனால் வயிறு மட்டும் ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டது. ஜன்னல் திண்டில் தாவப் பார்த்துத் தவறி விழுந்தார். விழுந்ததை யாரும் பார்க்கவில்லை என்பதுபோல் உட்கார்ந்து கையை நக்கிக்கொண்டார்.

"டேய், இவன் நடையைப் பாருடா" என்றாள் அக்கா. பின்னங்கால்களின் குதிகால் தரையில் பட, தவழ்வதுபோல் நடந்தார்.

மிருக வைத்தியசாலையில் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சர்க்கரை வியாதி என்றார்.

"யாருக்கு?" என்றேன்.

"உங்க பூனைக்குத்தான் சார்."

"அவன் காப்பிகூடக் குடிக்கமாட்டானேம்மா" என்றாள் அக்கா. "யார்கிட்டேர்ந்து வந்துது? எங்க வீட்டுல யாருக்கும் கிடையாது."

டாக்டரம்மா சிரிக்காமல் பதில் சொன்னார். அதற்கே அவருக்கு ஒரு மெடல் கொடுக்கலாம். காலையில் ஒரு ஊசி, சாயங்காலம் ஒரு ஊசி. முதலில் சாப்பாடு, அப்புறம் ஊசி. குப்பியைக் குலுக்கக்கூடாது, மெதுவாக உருட்ட வேண்டும். கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் போட வேண்டும். காதோரத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் சர்க்கரை அளவு பார்க்க வேண்டும். கடைசியில் ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு சொன்னார்:

"ஊசி போட்டோமா இல்லையான்னு சந்தேகம் வந்தா, போடாதீங்க. ஒரு வேளை தவறினா பெரிசா ஒண்ணும் ஆகாது. ரெண்டு தடவை போட்டுட்டா உயிருக்கே ஆபத்து. புரியுதா?"

"சந்தேகம் வந்தா போடக்கூடாது" என்று அக்கா திருப்பிச் சொன்னாள். சந்தேகப்படுவதற்கு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சீக்கிரமே கண்டுபிடிச்சிருக்கோம்" என்றார் டாக்டரம்மா. "சில பூனைகளுக்கு நல்லா கட்டுப்பாட்டுல வச்சிருந்தா சில மாசத்துல ஊசியே வேண்டாம்னு ஆயிடும். நிச்சயம்னு சொல்லமாட்டேன்."

அந்த 'நிச்சயம்னு சொல்லமாட்டேன்' அக்காவின் காதில் விழவேயில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கையுறையைக் காற்றடித்துப் பார்க்காமல் அப்படியே வாங்கிக்கொண்டாள்.

அப்புறம் விலை. மருந்து ஒரு பக்கம், ஊசிக்குழல் ஒரு பக்கம், கருவியில் செருகி அளவு பார்க்கும் பட்டைகள் ஒரு பக்கம், மாவு சேராத டின் சாப்பாடு ஒரு பக்கம். என் ஓய்வூதியம் ரயில் மாதிரி, வீட்டு வாசலில் நிற்காமலே போய்விடும். அக்காவிடம் பல் செட்டுக்காகச் சேர்த்த பணம் இருந்தது. மேல்வரிசையில் அவளுக்குப் பல்லே இல்லை. பல் டாக்டர் அச்சுகூட எடுத்துவிட்டார், பணத்தைக் கட்டி வாயில் மாட்டிக்கொண்டு வர வேண்டியதுதான் பாக்கி.

"பல்லு வேண்டாமா?" என்றேன்.

"நான் யாரைப் பார்த்துச் சிரிக்கப்போறேன்? உன்னையா?"

அதோடு நிற்காமல் தெருமுனைச் சலவைக் கடையில் காலை நேரத்துக்குத் துணி மடிக்கும் வேலையில் சேர்ந்தாள். எழுபதைத் தாண்டியவள். சட்டைகளை மடிக்கும்போது அவற்றிலும் ஓட்டை பார்த்துச் சொல்கிறாள் என்று கடைக்காரருக்கு ஒரே சந்தோஷம். வாடிக்கையாளர்களுக்குத்தான் இல்லை.

ஆகவே காலை ஊசி என் பொறுப்பு, சாயங்கால ஊசி அவள் பொறுப்பு. என்னிடம் மேனேஜர் எப்படி வந்து குனிந்தார் என்று சொல்லிவிட்டேன். அக்காவிடம் கதையே வேறு. அவள் ஃப்ரிட்ஜ் கதவில் கை வைத்ததும் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்வார். துடைப்பத்தை விட்டு ஆட்டி, கெஞ்சி, திட்டி, துண்டில் சுற்றி வெளியே இழுப்பதற்குள் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கும். அவர் போடும் சத்தத்தில் துறைமுகத்துக் கப்பல்கள் பதில் சங்கு ஊதும்.

"உன்கிட்ட மட்டும் தானா வந்து குனியறானாம்" என்பாள் கையில் கீறலோடு. "யார் காதுல பூ சுத்தறே?"

"நான் என்ன பண்றது? எங்கிட்ட மரியாதை இருக்கு. கடிகாரத்தைப் பார்த்துட்டுத்தான் வர்றார்."

"கடிகாரம் நின்னு போய் ஒரு மாசம் ஆகுது. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பாரு."

நின்றுபோயிருந்தது வாஸ்தவம்தான். அதை நான் சேர்த்திருக்கக் கூடாது. என் கதைகளில் எப்போதும் அதுதான் நடக்கும், நல்ல சரக்கோடு ஒரு சாக்கு காற்றையும் ஏற்றிவிடுவேன்.

ஆனாலும் மருந்து வேலை செய்தது. தண்ணீர் குடிப்பது குறைந்தது. பின்னங்கால் நிமிர ஆரம்பித்தது. ஒரு நாள் சாப்பாட்டு மேஜைமேல் தாவி ஏறி, ஏதோ கோப்பில் கையெழுத்திட வந்தவர் மாதிரி உட்கார்ந்தார். அக்கா பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பல் செட் ஒரு அவமானம்.

பணம்தான் நிமிரவில்லை. துறைமுக ஓய்வூதியர் சங்கத்தில் வைத்தியச் செலவுக்கு நல நிதி என்று ஒன்று உண்டு. கேட்டால் கொஞ்சம் கொடுப்பார்கள். டாக்டரம்மாவின் சீட்டை எடுத்துக்கொண்டு போனேன். சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. செயலாளர் என் பழைய கூட்டாளி, கொக்கி மாட்டும் வேலையில் இருந்ததால் பெயரும் கொக்கிதான்.

"என்ன அளப்பு, நிதியா? உனக்கு என்ன வியாதி?"

"எனக்கில்லப்பா. பூனைக்குச் சர்க்கரை."

ஆட்டம் நின்றது. அப்புறம் கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. கொக்கி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஒருவர் கையிலிருந்த சீட்டையெல்லாம் கீழே போட்டுவிட்டார்.

"எந்த டாக்டர் கண்டுபிடிச்சார்? எலி டாக்டரா?"

"கால்ல செருப்பு போட்டு நடக்கச் சொன்னாரா?"

"நிஜம்பா. இதோ சீட்டு."

"சீட்டு வேற அடிச்சுட்டு வந்திருக்கான் பாரு! மேகத்தைக் கட்டி இழுத்த கதையையே இது தூக்கிச் சாப்பிட்டுடுச்சுப்பா."

எனக்கு டீ வந்தது, பன் வந்தது. புதிதாக வந்தவர்களுக்காக முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். ஃப்ரிட்ஜ் கதவைத் தட்டுவது, கழுத்தைக் குனிவது, எல்லாம் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். என்னை அறியாமல் மேனேஜர் மூக்குக் கண்ணாடி போட்டு ஊசிக்குழலில் அளவைச் சரிபார்ப்பதாகவும் ஒரு வரி வந்து விழுந்தது. கைதட்டினார்கள். தோளில் தட்டி வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள்.

"என்ன குடுத்தாங்க?" என்றாள் அக்கா.

"டீ. ஒரு பன்."

அவள் ரொட்டியைப் பாலில் நனைத்து ஊறவைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் சாப்பாடு பெரும்பாலும் அப்படி ஆகியிருந்தது, மேனேஜர் மட்டும் டின்னில் மீன் சாப்பிட்டார்.

சிக்கனத்தை எங்கே தொடங்குவது என்று யோசித்தோம். முதலில் அளவு பார்க்கும் பட்டைகள் போயின. கருவி மட்டும் அலமாரியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. "அளக்காமப் போடறது கண்ணைக் கட்டிக்கிட்டு ரோடு தாண்டற மாதிரி" என்றார் டாக்டரம்மா. அவரிடம் தாண்டிவிடுகிறோம் என்றோம். அப்புறம் ஊசிக்குழல். ஒரு முறை போட்டுத் தூக்கி எறிய வேண்டியதை மூடி போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு கண்ணாடி டம்ளரில் நிற்கவைத்தோம், முனை மழுங்குகிறவரை அதையே போடுவது என்று. எங்கள் வீட்டில் எதற்கும் அத்தாட்சி இல்லாமல் போனது அப்படித்தான். அளவு பார்க்கப் பட்டை இல்லை, குப்பைத் தொட்டியில் ஊசிக்குழல் இல்லை. குப்பியிலோ ஒரு தடவை எடுப்பது எறும்பு வாயில் கொள்கிற அளவு, குறைந்ததா இல்லையா என்று கண்ணில் தெரியாது.

அன்றைக்குச் சலவைக் கடையில் மின்சாரம் இல்லை என்று அக்கா சீக்கிரமே திரும்பிவிட்டாள். நான் ஊசி போட்டுவிட்டு ரொட்டி வாங்கக் கிளம்பி, மாடிப்படியில் அவளைப் பார்த்தேன்.

"ஊசி?"

"போட்டாச்சு."

அங்கே நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவள் கேட்டுவிட்டாள்:

"சும்மா நின்னானா?"

"நின்னாராவா? தானா வந்தார், கதவைத் தட்டினார், கழுத்தை நீட்டினார். உங்க அக்கா சலவைக் கடையில கஷ்டப்படறாங்களேன்னு வருத்தப்பட்டார். முடிஞ்சதும் வந்ததுக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போனார்."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கசிகிற கையுறையைப் பெட்டியில் போடாமல் தனியாக எடுத்து வைக்கிற பார்வை. நான் சிரித்துக்கொண்டே கீழே இறங்கினேன். அவள் மேலே ஏறினாள்.

கடைத்தெருவில் கதை அளந்துவிட்டு, வெகுநேரம் கழித்து ரொட்டியோடு திரும்பி வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மேனேஜர் விறைத்துக் கிடந்தார், கால்கள் மட்டும் ஓடுவதுபோல் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. வாயோரம் நுரை.

"என்னக்கா?"

"தெரியலடா. சாப்பாட்டைப் பாதி அப்படியே வச்சிருந்தான். ஊசி போட்டேன். கொஞ்ச நேரத்துல தள்ளாட ஆரம்பிச்சான், இப்ப..."

"ஊசி போட்டியா? நான்தான் போட்டேனே!"

"பொய் சொல்லாதே."

"போட்டேன்க்கா. உங்கிட்ட சொன்னேனே."

"தானா வந்து குனிஞ்சான்னு சொன்னே."

"ஆமா."

"கையெழுத்துப் போட்டான்னு சொன்னே."

"அது... அது சும்மா."

"கட்டிலுக்கு அடியிலதான் இருந்தான். ஊசிக்குப் பயந்து நிக்கற மாதிரியே நின்னான். நீ மறந்துட்டு சமாளிக்கறேன்னு நினைச்சேன்."

"சந்தேகமா இருந்தா போடாதீங்கன்னு டாக்டர் சொன்னாங்களேக்கா!"

"எனக்குச் சந்தேகமே வரலடா" என்றாள். "நீ பொய் சொல்றேன்னு நிச்சயமா தெரிஞ்சுது."

சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்து ஈறில் தடவினோம். வண்டி பிடித்து ஓடினோம். டாக்டரம்மா மேனேஜரின் காலில் ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றினார். அங்கேயே வைத்திருந்து பார்க்க வேண்டும், முன்பணம் கட்ட வேண்டும். அக்கா இடுப்புச் செருகலிலிருந்து பணப்பையை எடுத்து, அதைத் திறக்காமலே மேஜைமேல் வைத்தாள். பல் செட்டுப் பணத்தில் மிச்சமிருந்தது அவ்வளவும் அதில்தான் இருந்தது.

மேனேஜர் பிழைத்தார். ஆனால் வீட்டுக்குத் திரும்பியவர் பழைய மேனேஜர் இல்லை. கண் போய்விட்டது. சுவரில் முட்டினார், முட்டிய இடத்திலேயே நின்று யோசித்தார். பின்னங்கால் மறுபடி மடங்கிவிட்டது. பார்வை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டரம்மா. இனி குருட்டாம்போக்கில் ஊசி போடவே முடியாது. தினம் பலமுறை அளவு பார்த்து, மருந்தை மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். சொன்னார். நான் பெரிதாக்கிச் சொல்ல அந்தத் தொகையில் இடமே இல்லை.

"மருந்தை நிறுத்திட்டா?" என்றாள் அக்கா.

"ரொம்ப நாள் தாங்காதும்மா. கஷ்டப்படுவான். அதுக்கு முன்னால, வலி தெரியாம தூங்க வச்சிடலாம்."

"அதுக்கும் காசு உண்டா?"

"உண்டும்மா."

அக்கா கோபப்படவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பாலில் ஊறிய ரொட்டி கிண்ணத்திலேயே கரைந்து கூழானது. கட்டிலுக்கு அடியில் ஒரு கையை நீட்டி வைத்துக்கொண்டு தரையில் படுத்திருப்பாள். கை எட்டுகிற தூரத்தில் மேனேஜர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் அப்படிப் படுத்தபடியே கேட்டாள்: "நீ ஊசி போட்டேங்கறது நிஜம். அதை ஒத்துக்கறேன். தானா வந்து குனிஞ்சான்கறது?"

நான் வாயைத் திறந்தேன்.

"அது புளுகுதானே?" என்றாள். "சொல்லுடா. எப்பவும் மாதிரி அளந்தேதானே? அப்படி ஒரு புளுகைக் கேட்டா யாரா இருந்தாலும் நம்பியிருக்கமாட்டாங்க, இல்லையா?"

அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அது புளுகாக இருந்தால் அவள் செய்ததில் தவறில்லை. அது நிஜமாக இருந்தால், நான் நிஜத்தைச் சொன்ன அன்றைக்கு அவள் நம்பவில்லை என்று ஆகிவிடும்.

"புளுகுதான்க்கா" என்றேன். "என்னைக்காவது பூனை தானா வந்து ஊசி போட்டுக்குமா? தினம் நானும் கட்டிலுக்கு அடியிலேர்ந்து இழுத்துத்தான் போட்டேன். துண்டுல சுத்தித்தான். என் கையைப் பாரு, எவ்வளவு கீறல்."

கையில் ஒரு கீறலும் இல்லை. அவள் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. கன்னத்தைக் கொண்டுவந்து வைக்கவுமில்லை. என் ஆயுளில் எத்தனையோ கப்பலை, மேகத்தை, கடல்கன்னியை அவளிடம் விற்கப் பார்த்திருக்கிறேன், ஒன்றைக்கூட வாங்கியதில்லை. இதை மட்டும் விலை பேசாமல் வாங்கிக்கொண்டாள். எழுந்து ரொட்டியைச் சாப்பிட்டாள்.

நான் சொன்னதிலேயே சுமாரான புளுகு அது. அலங்காரமே இல்லை.

மருந்து இருக்கிறவரை குறைந்த அளவில் கொடுங்கள், ஒன்றுமில்லாததற்கு அதுவாவது பரவாயில்லை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். போட்டோம். இரண்டு வேளையும் நானே போட்டேன். அக்கா ஊசிக்குழலைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டாள். கண் போன பிறகு மேனேஜர் எங்கும் வரவில்லை, இருந்த இடத்திலேயே போட்டேன். குப்பி ஒரு நாள் தலைகீழாகப் பிடித்தாலும் ஒன்றும் வராமல் காலியானது.

மறுநாள் காலை மருந்துக்கடைக்குப் போனேன். அக்கா சலவைக் கடைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள்.

"ஐயா, மத்ததெல்லாம் கேளுங்க, தர்றேன்" என்றார் மருந்துக்கடைக்காரர். "இது மட்டும் கடனுக்குக் குடுக்க முடியாது. ஏற்கெனவே நிறைய நிக்குது."

"அடுத்த மாசம் எனக்குத் துறைமுகத்துல பெரிய தொகை ஒண்ணு வரவேண்டியிருக்கு. ஒரு கப்பலே என் பேர்ல..."

"ஐயா" என்றார் அவர், மிகவும் மரியாதையாக.

நான் திரும்பி நடந்தேன். மாடிப்படியில் வழக்கமாக ஏதாவது ஒன்றைத் தயார் செய்துகொண்டே ஏறுவேன். லாரி கவிழ்ந்தது, மருந்தையெல்லாம் கடத்தல்காரன் தூக்கிப் போய்விட்டான், மழையில் கடை மிதந்து போயிற்று. அன்றைக்கு ஒன்றும் வாயில் வரவில்லை.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால், ஃப்ரிட்ஜ் கதவை மூக்கு தொட, மேனேஜர். மெலிந்து எலும்பும் ரோமமுமாக, அவளுக்கு முதுகைக் காட்டிக் கழுத்தைக் குனிந்திருந்தார். அக்கா அவர் கழுத்துத் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் பிடித்திருந்தாள். இன்னொரு கை மடியில் சும்மா கிடந்தது.

"கிடைச்சுதா?"

"இல்லக்கா."

அவள் தோலை விடவில்லை. மேனேஜரும் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"நான் கூப்பிடலடா" என்றாள். "சாப்பாடுகூட வைக்கல. சுவத்தைத் தொட்டுத் தொட்டு வந்தான். நாற்காலியில முட்டிக்கிட்டு, சுத்திக்கிட்டு வந்தான். கதவைத் தட்டினான்."

"கண்ணு தெரியாம வழிதவறி வந்திருப்பார்க்கா" என்றேன் அவசரமாக. "ஃப்ரிட்ஜ் பக்கம் கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கும், அதான். பூனைக்கு என்ன தெரியும்? தற்செயலா..."

"ரீல் விடாதேடா."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

"தானாதான் வந்தான். வந்து எனக்கு முதுகைக் காட்டி உக்காந்து, கழுத்தைக் குனிஞ்சான். நீ சொன்னது அத்தனையும் நிஜம்."